முன்பாதி பளபளப்பு, பின்பாதி பொடுகு: 11 வயதுப் பூனை ஒன்றின் ஆறு மாதங்கள்

சென்னையில் ஒரு வீட்டுப் பூனைக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன். பூனை வளர்ப்பவர்களின் வீடுகளுக்குப் போய் உதவும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். நான் மருத்துவர் இல்லை. இந்த வீட்டுக்கு முதலில் தவறான யோசனை சொன்னவன் நான்தான். அதனால்தான் நடந்ததை வரிசை மாறாமல் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. வீட்டாரிடம் சொல்லிவிட்டு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

பின்னணி

பூனை ஆண். குட்டியாக இருந்தபோது தெருவில் கிடைத்தவன், ஒரு வயதுக்குள் கருத்தடை செய்யப்பட்டவன். உடம்பு முழுக்கக் கறுப்பு, மார்பில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. வளர்ப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். மகன் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறார்.

முன்பு இவர்கள் தனி வீட்டில் இருந்தார்கள். மாடிப்படி, மதில், கொய்யா மரம் என்று அவனுக்கு ஏறி இறங்க நிறைய இடம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் மூன்றாவது மாடி அடுக்ககத்துக்கு வந்தார்கள். வழுவழுப்பான டைல்ஸ் தரை. மகனின் அறையில் பகல் முழுக்க ஏசி ஓடும், அந்த அறையில்தான் அவன் தூங்குவான்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது அம்மா சொன்னது: உலர் தீவனக் கிண்ணம் எப்போதும் நிரம்பியே இருக்கும். காலையில் கொஞ்சம் பால், மதியம் அவர் தட்டிலிருந்து இரண்டு வாய் தயிர்சாதம், சாயங்காலம் வறுத்த நெத்திலிக் கருவாடு. அளவு என்று எதுவும் கிடையாது. "கேட்டா கொடுப்போம்பா, வாயில்லாத ஜீவன்" என்றார்.

நவம்பரில் சோபா விரிப்பில் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடப்பதைக் கவனித்திருக்கிறார்கள். கறுப்பு முடி என்பதால் முதுகிலும் உப்பு தூவியதுபோல் பளிச்சென்று தெரிந்தது.

என்னைக் கூப்பிடும் முன் வீட்டில் செய்தவை

முதலில் தேங்காய் எண்ணெய். வாரம் மூன்று முறை, உள்ளங்கையில் ஊற்றிச் சூடுபறக்கத் தேய்த்து, முதுகெல்லாம் தடவினார் அம்மா. தேங்காய் எண்ணெய் பூனைக்கு நஞ்சில்லை. ஆனால் அவன் எட்டிய இடத்தையெல்லாம் நக்கி விழுங்கினான், வயிறு இளகிப்போனது. எட்டாத இடத்தில் எண்ணெயோடு தூசியும் செதிலும் ஒட்டி, வால் அடிப்பகுதியில் முடி சிக்குப்பிடித்தது.

அப்புறம் மகன் தன்னுடைய பொடுகு ஷாம்பூவால் குளிப்பாட்டினார். பத்து நாளில் மூன்று குளியல். மனிதத் தோலும் பூனைத் தோலும் ஒன்றல்ல. நம் தலைக்கென்று செய்த ஷாம்பூ அதற்குக் கடுமை. தார், சாலிசிலிக் அமிலம் போன்றவை சேர்ந்த பொடுகு ஷாம்பூக்கள் ஆபத்தானவை, ஏனென்றால் உடம்பில் மிச்சமிருப்பதைப் பூனை நக்கி உள்ளே தள்ளிவிடும். மூன்றாவது குளியலுக்குப் பிறகு தோல் சிவந்தது, உதிர்வு கூடியது. பூனை மகனைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விட்டது.

இந்த நிலையில்தான் எனக்குப் போன் வந்தது.

நான் போனில் சொன்னது

டிசம்பர் முதல் வாரம். "தம்பி, இவனுக்கு உடம்பெல்லாம் பொடுகு, தோல் வறண்டு கெடக்கு" என்றார் அம்மா. ஏசி அறை, எண்ணெய், ஷாம்பூ எல்லாவற்றையும் சொன்னார். நான் உடனே முடிவுக்கு வந்துவிட்டேன். ஏசிக் காற்றில் தோல் வறண்டிருக்கிறது, ஷாம்பூ அதை மோசமாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். குளிப்பாட்டுவதை நிறுத்துங்கள், மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றைத் தினம் சாப்பாட்டில் பிழிந்துவிடுங்கள், ஒரு மாதம் பார்க்கலாம் என்றேன்.

இதில் இரண்டு தவறுகள் இருந்தன. "உடம்பெல்லாம்" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன், எந்த இடத்தில் என்று கேட்கவில்லை. மீன் எண்ணெய் என்று சொன்னேனே தவிர எந்த மீன் எண்ணெய் என்று சொல்லவில்லை. அவர்கள் வாங்கிவந்தது மீன் ஈரல் எண்ணெய், அதாவது மருந்துக்கடையில் எல்லோருக்கும் தெரிந்த மஞ்சள் மாத்திரை. மீன் எண்ணெயில் தோலுக்கு உதவும் ஒமேகா 3 கொழுப்பு இருக்கிறது. ஈரல் எண்ணெயில் அதோடு வைட்டமின் ஏ-வும் டி-யும் சேர்ந்து வரும். இவை உடம்பில் தங்கிச் சேருபவை. வைட்டமின் ஏ நீண்ட நாள் மிகையானால் பூனையின் கழுத்தெலும்புகள் இறுகிப்போகும் அளவுக்குக் கேடு உண்டு. மூன்று வாரம் கழித்து நேரில் போனபோதுதான் டப்பாவைப் பார்த்தேன், அன்றே நிறுத்தச் சொன்னேன். நல்லவேளையாக அந்தக் குறுகிய காலத்தில் கேடு எதுவும் நேரவில்லை.

அதே மேசையில் இன்னொரு சின்னக் குப்பியும் இருந்தது. செல்லப்பிராணிக் கடையில் பூச்சிக்கு என்று வாங்கியது, கழுத்தில் ஊற்றுவது. அன்று சாயங்காலம் போடுவதாக இருந்தார்கள். எடுத்துப் படித்தேன்: நாய்களுக்கானது, பெர்மெத்ரின் கலந்தது. நாய்க்கு ஒன்றும் செய்யாத இந்த மருந்தைப் பூனையின் கல்லீரலால் உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரே போகலாம். குப்பியை அங்கேயே கட்டிவைத்து, கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். ஒரு நாள் தாமதமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நேரில் கண்டது

அவனை அரைமணி நேரம் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை, கழுத்து, மார்பு, முன்கால்கள் எல்லாம் கண்ணாடிபோல் பளபளத்தன. முதுகின் நடுவில் ஒரு கோடு போட்டதுபோல் அந்தப் பளபளப்பு நின்றது. அதற்குப் பின்னால் இடுப்பு, வால் அடி, பின்தொடைகளில் முடி மங்கி, பிரிந்து, நிறையச் செதில். வால் அடியில் இரண்டு இடத்தில் சடை. உடம்பெல்லாம் வறட்சி என்றால் முன்பாதி மட்டும் எப்படித் தப்பும்? ஏசிக் காற்று பாதிப் பூனை மேல் மட்டுமா படும்?

அவன் சொறியவில்லை. முடி கொட்டி வழுக்கையான இடமும் இல்லை. வீட்டில் யாருக்காவது கையில், வயிற்றில் அரிப்போ சிவந்த கொப்புளமோ உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார்கள்.

தண்ணீர் குடிக்க எழுந்தவன் இரண்டடி விறைப்பாக நடந்தான், பிறகுதான் நடை இளகியது. ஜன்னல் திண்டுக்கு ஒரே தாவலில் போகாமல் முக்காலி, நாற்காலி, திண்டு என்று படிப்படியாகப் போனான். உட்கார்ந்து முன்காலை நக்கினான், தோளை நக்கினான், இடுப்பின் பக்கம் கழுத்தைத் திருப்பியவன் பாதியிலேயே விட்டுவிட்டான். இடுப்பில் நான் லேசாகக் கைவைத்ததும் சீறித் திரும்பினான்.

"முன்னாடியெல்லாம் காலைத் தூக்கிக்கிட்டு நாள் முழுக்க நக்கிட்டே இருப்பான் தம்பி. இப்ப வயசாயிடுச்சு, சோம்பேறி ஆயிட்டான்" என்றார் அம்மா. லிட்டர் பெட்டிக்கு, அதாவது அவன் மலம், சிறுநீர் கழிக்கும் மணல் பெட்டிக்கு, வெளியே சில நாள் சிறுநீர் போவதையும் அப்போதுதான் சொன்னார். பெட்டியின் விளிம்பு ஒரு சாண் உயரம்.

பூனையின் நாக்கில் சின்னச் சின்ன முட்கள் இருப்பதை எல்லோரும் உணர்ந்திருப்போம். செத்த தோலையும் உதிர்ந்த முடியையும் எடுப்பது, எச்சிலைத் தோல்வரை கொண்டுபோவது, தோலின் எண்ணெயைப் பரப்புவது எல்லாம் அந்த முட்களின் வேலை. நாக்கு எட்டாத இடத்தில் செத்த தோல் அப்படியே தேங்கும். இடுப்பு மூட்டு வலியால் இவனுக்கு நாக்கு எட்டவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஒருமுறை அவசரப்பட்டுத் தவறியவன் நான். உறுதி செய்யாமல் இன்னொரு முடிவு சொல்வதில்லை என்று மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன்.

மருத்துவமனையில்

மருத்துவர் மூட்டுகளைப் பார்க்கும் முன் தொற்றும் பூச்சிகளையும் தேடினார். அது எனக்குப் பிடித்தது. பேன்சீப்பால் வாரி, விழுந்ததை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். தெள்ளுப்பூச்சியின் கழிவாக இருந்தால் ஈரத்தில் செம்பழுப்பாகக் கரையும், இதை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எதுவும் கரையவில்லை. பிறகு செல்லோடேப்பை முதுகில் ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். கெய்லெட்டியெல்லா என்று ஒரு சிற்றுண்ணி உண்டு. அது செதிலுக்கடியில் ஊர்வதால் பொடுகே நகர்வதுபோல் தெரியும், "நடக்கும் பொடுகு" என்று பெயர். அது மனிதருக்கும் தாவி அரிப்புக் கொப்புளங்களை உண்டாக்கும், அதனால்தான் வீட்டாரின் கையைப் பற்றி முதலிலேயே கேட்பது. டேப்பில் அதுவும் இல்லை. படர்தாமரைக்கு வுட் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் பார்த்தார், ஒளிரவில்லை. படர்தாமரை இருந்தும் ஒளிராமல் போவது உண்டு என்பதால் முடியைப் பிடுங்கி, அதில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார். இரண்டு வாரத்துக்குப் பிறகு அதுவும் இல்லை என்று வந்தது.

இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றும் சரி. வயதான பூனையின் முடி மங்கினால் இந்த மூன்றையும் பார்க்காமல் விடக்கூடாது என்றார்.

எடை 6.8 கிலோ. ஒல்லியா பருமனா என்று சொல்லும் உடல்வாகு மதிப்பெண் 9-க்கு 8, நடுவான 5தான் சரியான உடம்பு. விலா எலும்பைக் கையால் தேட வேண்டியிருந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம், கீழ்முதுகு எலும்புகளின் ஓரத்தில் புதிய எலும்பு முளைப்பு. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. நாய் நொண்டும், நமக்குத் தெரிந்துவிடும். பூனை தாவுவதைக் குறைத்துக்கொள்ளும், நாம் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பொடுகுக்கு என்று தோல்மேல் எதுவும் தடவுவதில்லை, குளியலும் இல்லை. தோல் நோய் இல்லாத தோலைக் கழுவிக் கழுவி மேலும் வறட்டுவதில் பயனில்லை. வால் அடிச் சடைகளை மருத்துவரே இயந்திரத்தால் மழித்தார். கத்தரிக்கோலை வீட்டில் எடுக்கவே கூடாது என்றார். பூனைத் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து இழுபட்டுக் கத்திக்குள் வந்துவிடும். அதற்குப் பதில், தினமும் சாப்பாட்டுக்குப் பின் மூன்று நிமிடம் மென்மையான பிரஷ், பிறகு வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒரு துடைப்பு. அவன் நாக்கு செய்ய முடியாததை நம் கை செய்ய வேண்டும்.

எடையைக் குறைக்க வேண்டும், ஆனால் மெதுவாக. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் குவிந்து உயிருக்கு ஆபத்தாகும். எனவே வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் இறங்கக்கூடாது. 5 கிலோவை இலக்காக வைத்து மருத்துவர் கணக்கிட்டது நாளுக்குச் சுமார் 190 கலோரி. உலர் தீவனம் 25 கிராம், ஈரத் தீவனம் ஒரு பாக்கெட், வேகவைத்த கோழி 20 கிராம். பாலும் தயிர்சாதமும் நின்றன, உப்புக் கருவாடும் நின்றது. கிண்ணத்தில் அதுவரை எவ்வளவு போனது என்று ஒரு நாள் சமையலறைத் தராசில் அளந்து பார்த்தோம். உலர் தீவனம் மட்டுமே 75 கிராம், ஏறக்குறைய 280 கலோரி.

வலிக்கு மெலாக்சிகம் சொட்டு மருந்து, எடைக்குக் கணக்கிட்டு, மிகக் குறைந்த அளவில். சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று இரத்தத்தில் பார்த்த பிறகே கொடுத்தார், குறிப்பிட்ட இடைவெளியில் மறுபரிசோதனையும் வைத்தார். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து கடையில் வாங்கித் தாமாகக் கொடுக்க வேண்டாம். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு, ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

வீட்டுக்குள் செய்த மாற்றங்களில் செலவே இல்லை. லிட்டர் பெட்டியின் ஒரு பக்கத்தை மகன் நான்கு விரல் உயரத்துக்கு வெட்டி, முனையை வழுவழுப்பாக்கினார். அவன் நடக்கும் வழியில் பழைய மிதியடிகளை விரித்தார்கள். ஜன்னலுக்கு நிரந்தரமாக ஒரு படி. ஏசிக் காற்று நேராக அடிக்காத மூலைக்குப் படுக்கை நகர்ந்தது. தண்ணீர்க் கிண்ணம் ஒன்றுக்குப் பதில் மூன்று. மீன் எண்ணெயும் திரும்ப வந்தது. இந்த முறை சரியானது, மருத்துவர் சொன்ன அளவில்.

அடுத்து நடந்தவை

முதல் இரண்டு வாரம் கஷ்டம். பிரஷைக் கண்டால் ஓடினான். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் இடுப்பில் கைவைக்க விட்டான். பசி வேறு. அதிகாலை நான்கு மணிக்கு அம்மாவின் கதவைப் பிறாண்டிக் கத்துவான். மூன்றாவது வாரம் எடை பார்த்தால் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே சொன்னார்: "விடியக்காலைல அப்படிக் கத்துறான்பா. கால் டம்ளர் பால்தான் ஊத்தினேன்." அவர் கண் கலங்கியிருந்தது. பதினோரு வருடமாக அவர் அன்பைக் காட்டியதே சாப்பாட்டில்தான், அதை எடுத்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சம் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அன்றே திட்டத்தை மாற்றினோம். அதே 190 கலோரியை ஐந்தாகப் பிரித்து, கடைசிப் பங்கை இரவு பத்து மணிக்கு வைத்தோம். கோழித் துண்டுகள் அம்மாவின் கையால் மட்டும், பிரஷ் முடிந்ததும். நான்கு மணிக் கத்தல் ஒரு வாரத்தில் அடங்கியது. பிரஷுக்கும் தானாக வந்து உட்காரத் தொடங்கினான்.

எடை பார்ப்பதிலும் ஒரு சிக்கல். வாரம் 50, 60 கிராம் மாற்றத்தை ஆள் எடை பார்க்கும் இயந்திரம் காட்டாது. பயணப்பெட்டிக்கு வைத்திருந்த கொக்கித் தராசில் கூடையோடு தொங்கவிட்டு, கூடையின் எடையைக் கழித்தார் மகன். ஞாயிறுதோறும் காலையில், சாப்பாட்டுக்கு முன்.

நான்காவது வாரம் முதல் செதில் குறைந்தது. தோலின் மேலடுக்கு புதுப்பிக்கவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். எதைச் செய்தாலும் ஒரு வாரத்தில் பலன் தேடி அடுத்ததற்குத் தாவுவது அர்த்தமற்றது என்பதை இந்த வீட்டிலும் பார்த்தோம்.

ஏழாவது வாரம் எனக்கு ஒரு காணொளி வந்தது, இருபது விநாடி. சோபாவில் உட்கார்ந்து, வலது பின்காலை உயர்த்தி, தொடையை நக்குகிறான். பின்னால் அம்மாவின் குரல் மட்டும் கேட்கிறது: "பாருடா, பாருடா, எட்டிடுச்சுடா."

மார்ச்சில் ஒரு பயம். கடையில் வழக்கமான ஈரத் தீவனம் கிடைக்காமல் வேறு வாங்கியதில் ஒன்றரை நாள் எதையும் தொடவில்லை. காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போனார்கள். பழைய சுவை கிடைத்ததும் சாப்பிட்டான். அதன்பின் இரண்டு வாரத்துக்கான பாக்கெட்டுகள் எப்போதும் அலமாரியில் இருக்கின்றன.

மூன்று மாதத்தில் 6.2 கிலோ, ஆறு மாதத்தில் 5.7. இடுப்பிலும் தொடையிலும் முடி பழைய கறுப்புக்குத் திரும்பியது. பெட்டிக்கு வெளியே சிறுநீர் போவது நின்றது. வால் அடியில் நாலு விரல் அகலத்தில் மட்டும் இன்னும் லேசான செதில் வருகிறது. அந்த இடம் அவனுக்கு இனியும் எட்டாது, தேய்ந்த மூட்டு பழையபடி ஆகாது. அங்கே பிரஷ் தொடர்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தோலைப் பற்றிப் போனில் யோசனை சொல்வதை நான் விட்டுவிட்டேன். முதலில் மூன்று படம் கேட்கிறேன்: தலையிலிருந்து வால்வரை மேலிருந்து எடுத்த ஒன்று, இரண்டு பக்கவாட்டு. கூடவே பூனை எதன் மேலாவது தாவும் காணொளி ஒன்று. பொடுகு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிகிறது. பரவலாக இருந்தால் உணவு, சிறுநீரகம், தைராய்டு பக்கம் யோசிக்க வேண்டும். திட்டாக இருந்து வீட்டாருக்கும் அரித்தால் பூச்சி, படர்தாமரை. பின்பாதியில் மட்டும் என்றால் எடையும் மூட்டும். எப்படியிருந்தாலும் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். படங்களும் அவரிடம் காட்டத்தான்.

எதையாவது வாங்கச் சொன்னால், கொடுக்கும் முன் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். ஈரல் எண்ணெயும் நாய்க் குப்பியும் கற்றுக்கொடுத்தது அது.

இன்னொன்று, பின்னால் யோசிக்கும்போது வலிக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையை ஆறாவது மாதம் மகன் எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வருடமும் ஊசி போட்ட தேதிக்குப் பக்கத்தில் யாரோ எடையையும் எழுதியிருக்கிறார்கள்: வீடு மாறும் முன் 5.1, மறு வருடம் 5.9, அதற்கடுத்து 6.6. மூன்று எண்களும் ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக. அந்தப் பக்கத்தை வீட்டார் யாரும் சேர்த்துப் படித்ததில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது அந்த அட்டை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை எடையை அம்மா அதில் பென்சிலால் எழுதுகிறார்.